கத்துகிறவர்களும் உதட்டைப் பிதுக்குகிறவர்களும்

2013 ஜூன் 10, லாஸ் ஏஞ்சலஸ். சோனியின் அமெரிக்க கேம் பிரிவுத் தலைவர் ஜாக் ட்ரெட்டன் கோட்டும் சூட்டுமாக மேடையில் நிற்கிறார். வரப்போகும் பிளேஸ்டேஷன் 4ல் கேம் டிஸ்க்கை வாங்கியவர் அதைக் கடையில் விற்கலாம், நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், காலம் முழுக்கக் கையிலேயே வைத்திருக்கலாம், எந்தத் தடையும் கிடையாது என்கிறார். அவ்வளவுதான். அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது. விசில் பறக்கிறது. ட்ரெட்டன் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாமல் சிரித்துக்கொண்டே நிற்கிறார்.

கொஞ்சம் நிதானமாக யோசித்தால் விசித்திரமான கைதட்டல் இது. காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்கும் உரிமை அதுவரை எல்லோரிடமும் இருந்ததுதான். இருப்பதைப் பிடுங்க மாட்டோம் என்று சொன்னதற்கா இவ்வளவு ஆரவாரம்? பக்கத்து வீட்டுக்காரர் வந்து "உங்கள் சைக்கிளை நான் திருடப் போவதில்லை" என்று அறிவித்தால் யாராவது விசிலடிப்பார்களா?

அடிப்பார்கள், எதிர்வீட்டுக்காரர் மூன்று வாரமாக சைக்கிளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால்! அந்த எதிர்வீட்டுக்காரர் மைக்ரோசாஃப்ட். மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமானபோது, பழைய டிஸ்க்கை விற்பதற்குக் கட்டுப்பாடு, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷின் இன்டர்நெட்டில் ஆஜர் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் திட்டம் இருந்தது. ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அன்றைய கத்தல் சோனிக்கான பாராட்டு பாதி, மைக்ரோசாஃப்டுக்கான திட்டு மீதி. விலையும் சேர்ந்துகொண்டது: எக்ஸ்பாக்ஸ் 499 டாலர், பிளேஸ்டேஷன் 399 டாலர். ஒன்பதே நாளில், ஜூன் 19 அன்று, மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டுப்பாடுகளை வாபஸ் வாங்கியது. ஒரு அரங்கத்தின் சத்தத்தால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சத்தம் இல்லாமல் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பிளேஸ்டேஷன் 3ல் இலவசமாக இருந்த ஆன்லைன் மல்டிபிளேயருக்கு பிளேஸ்டேஷன் 4ல் பிளஸ் சந்தா கட்ட வேண்டும் என்பதும் அதே நிகழ்ச்சியில்தான் தெரியவந்தது. அதற்கு யாரும் பெரிதாக முனகக்கூட இல்லை. கைதட்டிய கையில் வலி இருந்திருக்கும் போல.

இந்த ஒரு மாலையை வைத்தே இரண்டு கட்சிகளும் தங்கள் வழக்கை நடத்தலாம். ஒரு கட்சி சொல்கிறது: "பார், ஆரவாரத்தில் ஏமாந்த கூட்டம். கம்பெனிக்காரன் மேடையேறி இருமினாலும் கைதட்டுவான்." இன்னொரு கட்சி சொல்கிறது: "பார், எல்லாவற்றிலும் நொட்டை சொல்லும் கூட்டம். பொம்மையைக் கையில் கொடுத்தாலும் சிரிக்கத் தெரியாது." வருடா வருடம் ஜூன் மாதம் ஆனால் இந்தச் சண்டை தொடங்கிவிடும். புது கேம்களின் டிரெய்லர்கள் வருகின்றன, ஒரு பக்கம் கத்தல், இன்னொரு பக்கம் உதட்டைப் பிதுக்கல். இந்த இரண்டு கட்சியிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான் என்பதைத்தான் இரண்டு பக்கமும் கவனிப்பதில்லை.

கேம் விளையாடாத வகுப்புத் தோழர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. இ3 என்று ஒரு வர்த்தகக் கண்காட்சி. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. புது கேம்களையும் புது மெஷின்களையும் கம்பெனிகள் உலகத்துக்குக் காட்டுகிற இடம். முதல் வருடத்திலேயே ஒரு புராணக்கதை பிறந்துவிட்டது. சேகா கம்பெனி தன் சாட்டர்ன் மெஷினை 399 டாலருக்கு அன்றே விற்பனைக்கு விடுவதாக அறிவித்தது. பிறகு சோனியின் முறை வந்தபோது ஸ்டீவ் ரேஸ் மேடையேறி "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கைதட்டல் அள்ளியது. ஆக, இந்த மேடைகளின் முதல் சூப்பர் ஹிட் வசனம் ஒரு விலைப்பட்டியல்!

அப்போது அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? கடைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், பங்குச் சந்தை ஆய்வாளர்கள், கம்பெனி ஆட்கள். பொதுமக்களுக்கு உள்ளே இடமில்லை. 2006ல் கூட்டம் சுமார் 60,000 பேர் என்றானது. அவர்களும் தொழில்துறையினர் என்ற பேரில் வந்தவர்கள்தான். 2017ல்தான் முதன்முறையாக 15,000 டிக்கெட்டுகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. ஆகவே பழைய வீடியோக்களில் கேட்கும் அந்த ஆவேசக் கத்தலில் ஒரு பங்கு, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களின் தொண்டையிலிருந்து வந்தது. அவர்களிலும் பலர் ரசிகர்கள்தான் என்பது வேறு விஷயம். 2010ல் மைக்ரோசாஃப்ட் நிகழ்ச்சியின் முடிவில், அரங்கில் இருப்பவர்களுக்கெல்லாம் புது எக்ஸ்பாக்ஸ் 360 இலவசம் என்று அறிவித்தபோது எழுந்த கரவொலியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நடுநிலையாக எழுத வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

உதட்டைப் பிதுக்குகிற கட்சியின் சந்தேகம் இங்கேதான் வேர் பிடிக்கிறது. கத்துவதற்கு ஆள் வைத்திருக்கிறார்களா? சந்தேகம் அநியாயமானதும் அல்ல, புதியதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டு பாரிஸில் நாடக அரங்குகளுக்குக் கைதட்ட ஆள் அனுப்புவதே ஒரு தொழிலாக இருந்தது. 1820ல் அதற்கென்று ஏஜென்சியே தொடங்கிவிட்டார்கள். சரியான இடத்தில் சிரிக்க ஒருவர், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒருவர், "இன்னொரு முறை" என்று கத்த ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை! கேம் மேடைகள் அந்த அளவுக்குப் போகவில்லை. போகத் தேவையும் இல்லை. முன்வரிசைகளில் அந்த கேமை உருவாக்கியவர்களையும், அழைத்து வந்த தீவிர ரசிகர்களையும் உட்கார வைத்தால் போதும். அவர்கள் காசு வாங்காமலே கத்துவார்கள். ஐந்து வருடம் இரவு பகலாக உழைத்தவர்கள் தங்கள் உழைப்பு பெரிய திரையில் வரும்போது கத்தாமல் வேறு என்ன செய்வார்கள்?

2004 மே மாதம் நடந்தது இன்னும் சுவாரசியம். நின்டெண்டோவின் நிகழ்ச்சி. ரெஜி ஃபில்ஸ்-எமே என்ற புது அதிகாரி சினிமா வில்லன் தோரணையில் வசனம் பேசி அறிமுகமான நாள் அது. கடைசியில் ஒரு டிரெய்லர். குதிரை மேல் ஒரு வீரன், பின்னால் இசை, முகம் தெரிந்ததும் அரங்கம் வெடித்தது. செல்டா! வளர்ந்த, நிஜ மனிதன் போன்ற உருவத்தில் லிங்க். அதைத் தொடர்ந்து செல்டாவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே வாளும் கேடயமும் ஏந்தி மேடைக்கு வந்தார். அந்த வீடியோவில் பெரிய மனிதர்கள் குழந்தைகள் மாதிரி அலறுவதை இன்றைக்கும் கேட்கலாம்.

அந்த அலறலுக்கு ஒரு முன்கதை உண்டு. 2001ல் நின்டெண்டோ அதே செல்டாவைக் கார்ட்டூன் போல, பெரிய கண்களுள்ள குட்டிப் பையனாகக் காட்டியிருந்தது. 'விண்ட் வேக்கர்' என்ற கேம். ரசிகர்களில் ஒரு பெரிய கூட்டம் அதை வாரிவிட்டது. குழந்தைத்தனம், ஏமாற்று வேலை என்று என்னென்னவோ. ஆக, 2004ன் கத்தல் மூன்று வருடப் புலம்பலின் மறுபக்கம். உதட்டைப் பிதுக்கியவர்களேதான் கத்தினார்கள். இன்று திரும்பிப் பார்த்தால் அந்தக் கார்ட்டூன் செல்டாதான் வயதாகாமல் அப்படியே இருக்கிறது. 2013ல் மெருகேற்றி மறுபடி வெளியிட்டார்கள், ரசிகர்கள் கொண்டாடினார்கள். கத்தியவர்கள் ஏமாந்த கதைகளைப் பட்டியல் போடுகிறவர்கள், புலம்பியவர்கள் ஏமாந்த கதைகளையும் அதே நோட்டில் எழுதி வைத்தால் நன்றாக இருக்கும்.

சரி, நம்பிக்கை எங்கே உடைந்தது? பலரும் கைகாட்டுவது 2005ஐ. பிளேஸ்டேஷன் 3ஐ அறிமுகப்படுத்திய சோனி, 'கில்ஸோன்' என்ற போர் கேமின் வீடியோ ஒன்றைக் காட்டியது. புகை, நெருப்பு, முகங்களில் வியர்வை என்று சினிமா மாதிரி இருந்தது. வாயைப் பிளந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது ஓடுகிற கேம் அல்ல, கேம் எப்படி இருக்க வேண்டும் என்று அனிமேஷன் ஸ்டுடியோவில் செய்த படம் என்று. அதற்கப்புறம் எந்த டிரெய்லர் வந்தாலும் முதல் கேள்வி "இது நிஜமா, அனிமேஷனா?" என்பதுதான். (கேம் 2009ல் வந்தபோது அந்த வீடியோவுக்கு ஓரளவு பக்கத்திலேயே இருந்தது. அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பொய் சொன்னவன் கடைசியில் அதை உண்மையாக்கினாலும் பேர் மாறுவதில்லை.)

அடுத்த வருடம், 2006ல், அதே சோனி பிளேஸ்டேஷன் 3ன் விலையை 499, 599 டாலர் என்று அறிவித்தது. பழங்கால ஜப்பானில் நிஜமாக நடந்த போர்களை அடிப்படையாகக் கொண்டது என்று ஒரு கேமை அறிமுகப்படுத்தி, அடுத்த நிமிடமே திரையில் ராட்சத நண்டு ஒன்றுடன் சண்டை போட்டுக் காட்டினார்கள். முன்பெல்லாம் இந்த மாதிரி சொதப்பல்கள் அரங்கத்தோடு போயிருக்கும். ஆனால் யூடியூப் என்ற தளம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நண்டை வெட்டி, விலையை ஒட்டி, பாட்டுப் போட்டு விதவிதமான வீடியோக்கள் பரவின. கிண்டலுக்கும் ஒரு மேடை கிடைத்துவிட்டது. அரங்கில் ஆயிரம் பேர் கைதட்டினால் வெளியே லட்சம் பேர் சிரிக்கலாம் என்ற நிலைமை.

அதற்குப் பிறகு ஏமாற்றங்களின் பட்டியல் நீளம். 2012ல் யூபிசாஃப்ட் காட்டிய 'வாட்ச் டாக்ஸ்' 2014ல் கைக்கு வந்தபோது மழையும் வெளிச்சமும் பாதி காணோம். 2018ல் வெறும் அரை நிமிட மலைக்காட்சியும் தலைப்புமாக அறிவிக்கப்பட்ட 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6' 2025 முடியும்வரை வெளிவரவில்லை. அரங்கம் கத்தியது ஒரு மலைக்கும் ஒரு எண்ணுக்கும்!

எல்லாவற்றையும்விட நின்று பேச வேண்டியது 'நோ மேன்ஸ் ஸ்கை'. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் ஒரு சின்ன கம்பெனி, கொஞ்சப் பேர். கணிதச் சூத்திரங்களை வைத்து எண்ணிலடங்காத கிரகங்கள் கொண்ட பிரபஞ்சத்தையே உருவாக்குகிறோம் என்று 2013 டிசம்பரில் காட்டினார்கள். 2014ல் சோனி தன் இ3 மேடையில் ஏற்றியது. பொறுப்பாளர் சீன் மர்ரே கூச்ச சுபாவி. பேட்டிகளில் இது இருக்குமா என்று கேட்டால் இருக்கும் என்றார், அது இருக்குமா என்றாலும் ஆமாம் என்றார். 2016 ஜூனில் வரவேண்டிய கேம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. உடனே மர்ரேவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. தள்ளிப்போகிறது என்று முதலில் செய்தி வெளியிட்ட பத்திரிகையாளருக்கும் வந்தன.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கேம் இன்னும் வெளிவரவே இல்லை. யாரும் ஏமாந்திருக்கவில்லை. மிரட்டல் விட்டவர்கள் சந்தேகப் பேர்வழிகள் அல்ல, நம்பிக்கைப் பேர்வழிகள். "வந்தால் பார்க்கலாம்" என்று உதட்டைப் பிதுக்கியவனுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனால் என்ன குடிமுழுகிவிடும்? கம்பெனி காட்டிய கனவைத் தன் சொத்தாகவே நினைத்துக்கொண்டவனுக்குத்தான் அது கொள்ளை போனதாகப்படும். ரசிகர்களின் கசப்பு கேம் உலகைக் கெடுக்கிறது என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆபத்தான பைத்தியம் பல நேரம் கசப்பிலிருந்து வருவதில்லை. அளவு மீறிய இனிப்பிலிருந்து வருகிறது.

ஆகஸ்டில் கேம் வந்தது. சொன்னதில் பலது இல்லை. ஸ்டீம் கடையில் பாராட்டை எண்ணிவிடலாம், திட்டு மலை மாதிரி. மர்ரேவும் குழுவும் பேச்சை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். வருடக்கணக்கில், ஒன்றன்பின் ஒன்றாக இலவச அப்டேட்டுகள். 2024 நவம்பரில் ஸ்டீமில் அந்த கேமின் ஒட்டுமொத்த மதிப்பீடு 'மிகவும் நல்லது' என்ற நிலைக்கு ஏறியது. எட்டு வருடம்! அதைச் சாத்தியமாக்கியது யார்? ஆரம்பத்தில் நம்பி வாங்கியவர்கள் கொடுத்த காசு. ஏமாந்ததைச் சும்மா விடாமல் எழுதிக் குவித்தவர்கள் கொடுத்த அடி. இரண்டில் எது இல்லாவிட்டாலும் கேம் அப்படியே அனாதையாகக் கிடந்திருக்கலாம்.

இப்போது 2017 ஜூன் 12. யூபிசாஃப்ட் மேடை. நின்டெண்டோவின் மரியோவையும், யூபிசாஃப்டின் அசட்டுத்தனமான ராபிட்ஸ் முயல்களையும் சேர்த்து ஒரு கேம் வரப்போகிறது என்ற விஷயம் முன்கூட்டியே கசிந்துவிட்டிருந்தது. மரியோ கையில் துப்பாக்கியா? அந்த முயல்களோடா? மொக்கை, அசிங்கம், இரண்டு பேரும் கெட்டார்கள் என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். கேமின் ஒரு நொடியைக்கூட அவர்கள் பார்த்திருக்கவில்லை.

நிகழ்ச்சியில் மியாமோட்டோ மேடைக்கு வந்தார். யூபிசாஃப்ட் தலைவர் ஈவ் கில்லெமோவும் அவரும் கையில் விளையாட்டுத் துப்பாக்கிகளோடு நின்றார்கள். மியாமோட்டோ அந்த கேமை உருவாக்கிய டேவிடே சோலியானியின் பேரைச் சொல்லிப் பாராட்டினார். கேமரா அரங்கத்தில் உட்கார்ந்திருந்த சோலியானி பக்கம் திரும்பியது. இத்தாலியின் மிலன் நகர ஸ்டுடியோக்காரர். சிறு வயதிலிருந்து நின்டெண்டோ கேம்களைப் பார்த்து வளர்ந்தவர். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மறைக்கப் பார்க்கிறார், முடியவில்லை.

அந்தக் காட்சிதான் அந்த வருடத்தின் அத்தனை டிரெய்லர்களையும்விட அதிகம் பேசப்பட்டது. முந்தின நாள்வரை கிண்டலடித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கிப்போனார்கள். டிரெய்லரில் தெரிந்த விளையாட்டும் ஒரு காரணம், உண்மைதான். ஆனால் அதுவரை அவர்கள் கிண்டலடித்தது ஒரு கம்பெனியை. கம்பெனிக்கு மூஞ்சி கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். திடீரென்று அந்த இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து அழுகிறார். ஆகஸ்டில் கேம் வந்து நல்ல பேரும் வாங்கியது.

"அதுவும் விளம்பரம்தான், கேமராவை அவர் பக்கம் திருப்பியது யார்?" என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். கேமராவைத் திருப்பியது கம்பெனிதான். அழுதது சோலியானி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள முடியாததுதான் உதட்டைப் பிதுக்குகிற கட்சியின் பெரிய பலவீனம். காசு சம்பந்தப்பட்டிருந்தால் உணர்ச்சி பொய் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் எந்தக் கச்சேரியிலும் கண் கலங்கக்கூடாது.

அரங்கத்துக்குள்ளேயே கட்சி மாறியதும் ஒருமுறை நடந்தது. 2018 நவம்பர், அனஹைம் நகரில் பிளிஸ்கான். பிளிஸார்ட் கம்பெனியின் ரசிகர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வருகிற திருவிழா. வந்தவர்கள் எதிர்பார்த்தது 'டியாப்ளோ 4'. தொடக்க விழாவின் கடைசி அறிவிப்பாக வந்தது மொபைல் போனில் விளையாடும் 'டியாப்ளோ இம்மார்ட்டல்'. கேள்வி நேரத்தில் ஒரு ரசிகர் மைக்கைப் பிடித்து, இது பருவம் தப்பி வந்த ஏப்ரல் ஃபூல் ஜோக்கா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் வராது என்றதும் கூச்சல். மேடையிலிருந்தவர், உங்களிடமெல்லாம் போன் இல்லையா என்று கேட்டுவைக்க, அந்த ஒரு கேள்வி அந்த மனிதரை வருடக்கணக்கில் துரத்தியது. பாவம், அவர் கேமை வடிவமைத்தவர், முடிவெடுத்த முதலாளி அல்ல.

அந்தக் கூச்சலை "கெட்டுப்போன குழந்தைகளின் அழுகை" என்று எழுதியவர்கள் உண்டு. 2022ல் கேம் வந்தது. நன்றாகவே சம்பாதித்தது. ஆனால் பாத்திரத்தைப் பலப்படுத்துவதற்குக் காசைக் கொட்ட வேண்டிய அதன் அமைப்பைப் பார்த்து, கூச்சலைக் கண்டித்தவர்களில் பலரே முகம் சுளித்தார்கள். அனஹைமில் கத்தியவர்களின் தொனி தப்பு, மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

மறுவருடமே எதிர்ப்பக்க உதாரணம் கிடைத்தது. 2019 ஜூன் 9. எக்ஸ்பாக்ஸ் மேடை, 'சைபர்பங்க் 2077' டிரெய்லர். முடிவில் புகைக்கு நடுவிலிருந்து நடிகர் கியானு ரீவ்ஸ் நடந்து வந்தார். கேமின் உலகத்தை அவர் பிரமிக்க வைப்பது என்று வர்ணிக்க, கூட்டத்திலிருந்து ஒருவர் "நீதான் பிரமிக்க வைக்கிறாய்!" என்று கத்தினார். கியானு சிரித்து, விரலை நீட்டி, அவரையும் அரங்கம் முழுவதையும் பார்த்து அதையே திருப்பிச் சொன்னார். அழகான நொடி. திட்டமிட்டு எழுதவே முடியாத நொடி. அந்த வீடியோவை எவ்வளவு சந்தேகக் கண்ணோடு பார்த்தாலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் அந்தச் சிரிப்பு கேமின் தரத்துக்கு எந்த உத்தரவாதமும் அல்ல. கேம் 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. முன்பதிவு மட்டும் 80 லட்சம். பழைய பிளேஸ்டேஷன் 4லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது தத்தளித்தது. பிழைகள், திடீர் நிறுத்தங்கள். ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே கேமைத் தூக்கிவிட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூனில்தான் மீண்டும் கடைக்கு வந்தது. பிற்பாடு திருத்தி, 2023ல் வந்த கூடுதல் பாகத்தோடு நல்ல கேமாகவே மாற்றிவிட்டார்கள். அதுவரை காத்திருந்து வாங்கியவர் பாக்கியசாலி.

அரங்கம் அன்று ஏமாந்ததா? கத்தியது ஒரு நல்ல மனிதரின் அன்பான பதிலுக்கு. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஏமாற்று எங்கே நுழைகிறது என்றால், அந்தக் கத்தலும் அதைப் பார்த்து வீட்டில் வந்த சிரிப்பும் சேர்ந்து 'முன்பதிவு செய்க' என்ற பட்டனாக மாறுகிற இடத்தில். கத்தல் ஓசியில் கிடைக்கிற விளம்பரம், அதற்கு விலையும் உண்டு. 2024ல் எஸ்குயர் இதழ் வெளியிட்ட தகவல்படி, சம்மர் கேம் ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சியில் ஒரு நிமிட டிரெய்லர் காட்ட 2,50,000 டாலர். அவ்வளவு காசு கொடுக்கிறவர் திரைக்காகக் கொடுப்பதில்லை, திரையைப் பார்த்து யாராவது "ஐயோ!" என்று அலறுவார்கள் என்பதற்காகக் கொடுக்கிறார்.

கூட்டமே இல்லாமல் நடத்திப் பார்த்த காலமும் வந்தது. 2020ல் கொரோனாவால் இ3 ரத்து. 2021ல் ஆன்லைனில் மட்டும். 2022, 2023 இரண்டிலும் ரத்து. 2023 டிசம்பரில் இனி இ3 கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் வந்ததெல்லாம் ரெக்கார்ட் செய்யப்பட்ட வீடியோக்கள். பிசிறில்லாமல், சரியான நேரத்தில் முடிந்தன. அப்போது பார்த்தால், போலிக் கைதட்டல் என்று பல வருடம் திட்டியவர்களே "என்னமோ உப்புச் சப்பில்லாமல் இருக்கிறதே" என்றார்கள் :-)

நின்டெண்டோ இந்த வீடியோ வழிக்கு 2013லேயே வந்துவிட்டது. அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. நியூயார்க்கில் நின்டெண்டோவின் சொந்தக் கடை ஒன்று இருக்கிறது. ரசிகர்கள் அங்கே கூடி அந்த வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2019 ஜூன் 11 அன்று 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' கேமில் புதிதாகச் சேரும் பாத்திரமாக பாஞ்சோ என்ற கரடி வந்தது. 1990களில் நின்டெண்டோ மெஷினில் ஓடிக்கொண்டிருந்த கரடி. 2002ல் அதன் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கியதால் எதிர்முகாமுக்குப் போய்விட்டது. இனி திரும்பி வராது என்று எல்லோரும் கைகழுவியிருந்தார்கள். திரையில் அதன் நிழல் தெரிந்ததும் அந்தக் கடை பட்ட பாடு! குதிக்கிறார்கள், பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடிக்கிறார்கள். மேடை இல்லை, அதிகாரி இல்லை, கேட்க யாரும் இல்லை. வெறும் திரையைப் பார்த்துக் கத்துகிறார்கள்.

காசுக்குக் கத்துகிறார்கள் என்ற வாதம் அந்தக் கடை வாசலிலேயே செத்துப்போகிறது. பத்து வயதில் விளையாடிய ஒன்று இருபது வருடம் கழித்துத் திரும்பி வருகிறது, அதே வயதில் அதையே விளையாடிய இன்னும் நூறு பேர் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்தச் சத்தம் அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டது. கம்பெனி அதில் குளிர்காய்ந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு பூச்சியின் கதை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் சேர்ந்து செய்த கேம் 'ஹாலோ நைட்'. அதன் தொடர்ச்சியான 'சில்க்சாங்' 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் தலைகாட்டியது. அன்று காட்டிய கேம்கள் எல்லாம் 12 மாதத்துக்குள் வரும் என்றார்கள். வரவில்லை. ரசிகர்கள் தங்களையே கிண்டல் செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சிக்கு முன்பும் தங்கள் படங்களுக்குக் கோமாளி விக்கும் சிவப்பு மூக்கும் மாட்டிக்கொண்டு, "இன்றைக்குக் கண்டிப்பாக வரும்" என்று எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். நம்பிக்கையா, நக்கலா என்று அவர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிலை. யாரையும் மிரட்டுவதைவிட, தன் மூக்கில் தானே சிவப்புச் சாயம் பூசிக்கொள்வது எவ்வளவோ மேல்.

2025 ஆகஸ்டில், இரண்டே வாரத்தில் வெளியீடு என்று திடீரென்று அறிவித்தார்கள். செப்டம்பர் 4 அன்று 20 டாலர் விலையில் விற்பனை தொடங்கியபோது ஸ்டீம் உட்படப் பெரிய ஆன்லைன் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறி நின்றன. வாங்கும் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தவர்களில் கோமாளி மூக்குக்காரர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கடையும் கணக்கெடுக்கவில்லை.